ஒன்பது நொடி

மேடை ஏறிப் பேசுவதென்றால் நொடிக்காரருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. சோப்பு ஆலையில் தொடங்கி நான்கைந்து ஆலைகளில் வேலை அளக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு, ஒரு ஆள் ஒரு வேலையை எத்தனை நொடியில் செய்கிறார் என்று குறித்து, இனி எல்லோரும் இத்தனை நொடியில்தான் செய்ய வேண்டும் என்று சொல்வது அவருடைய வேலை. நொடிக்காரன் என்பது சோப்பு ஆலைப் பெண்கள் வைத்த பட்டப்பெயர். அவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தார்கள். அவரோ அதை விருது மாதிரி மாட்டிக்கொண்டார்.

ஓய்வுக்குப் பிறகு கல்லூரி, பயிற்சி நிலையம், முதலாளிகள் சங்கம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். தலைப்பு ஒன்றுதான்: இருநூறு வருடத்தில் வேலை எப்படி மாறியது. அந்தப் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சூரியனில் ஆரம்பிப்பார். வெளிச்சம் இருக்கும்வரை வேலை, இருட்டினால் படுக்கை, நடுவில் களைத்தால் ஒரு தூக்கம் என்று நெசவாளி வீட்டிலேயே தறியடித்த காலம். பிறகு நீராவி இயந்திரம் வந்தது. இயந்திரம் ஆளுக்காகக் காத்திருக்காது, ஆள்தான் இயந்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஆலைச் சங்கு ஊதியதும் கதவைச் சாத்துவார்கள். சொந்தக் கடிகாரம் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்ட ஆலைகள்கூட இருந்தன. அப்புறம் மணி போதாமல் நிமிடம், நிமிடம் போதாமல் நொடி. இங்கே நிறுத்தி, ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு, தன் கதையை எடுப்பார்.

"ஒரு சோப்புக்குத் தாள் சுத்த எல்லாரும் பதினாறு நொடி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு பொம்பள, ஒரே ஒரு பொம்பள, ஒன்பது நொடியில சுத்திக் காட்டினா. மனுஷனால என்ன முடியும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது!"

கைதட்டல் அந்த இடத்தில் தவறாமல் வரும்.

இந்த முறை அழைப்பு வந்தது அந்தச் சோப்பு ஆலையிலிருந்தே. மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆன கட்டடத்தை யாரோ வாங்கி, மாடியில் அலுவலகங்களும் கீழே ஒரு காட்சிக்கூடமும் அமைத்திருந்தார்கள். பழைய சங்கு, எடைத்தராசு, சோப்புக்குத் தாள் சுற்றிய சுற்றுமேஜை, நொடிக்காரர் கைப்பட எழுதிய அளவுப் பலகை எல்லாம் அங்கே வைத்திருக்கிறார்களாம். திறப்பு விழாவில் அவர் பேச வேண்டும்.

அழைப்பிதழைப் படித்துக் காட்டியபோது, ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தினாள். நொடிக்காரரின் மனைவி காலமானதிலிருந்து அக்காதான் அவரோடு இருக்கிறாள். அவளும் கணவனை இழந்தவள். பிள்ளை குட்டி இல்லை. வயது எழுபது. வலது மணிக்கட்டு மடங்காது. டப்பா மூடியைத் திறக்கக்கூடத் தம்பியைத்தான் கூப்பிடுவாள்.

"நானும் வரேன்டா."

"நீ எதுக்குக்கா? ஒரு மணி நேரம் உக்காரணும். அந்த நாற்காலியெல்லாம் உனக்கு ஒத்துக்காது. முட்டி வலிக்கும்."

"ஆறு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்த எடம். உக்காந்து பாத்தா வலிச்சிடுமா?"

சரி என்றார். அரைமனதாகத்தான். அந்த ஆலையில் அவர் வேலை பார்த்த காலம் முழுக்க, அவள் அவருக்கு அக்கா என்பது ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அது இப்படி. அம்மா இறந்தபோது அவருக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அப்பா வேலை தேடிப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். அக்கா வீட்டு வேலை, தையல் என்று கிடைத்ததைச் செய்தாள். பிறகு சோப்பு ஆலையில் உறை சுற்றப் போனாள். தம்பியைத் தொழிற்கல்லூரிவரை படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். படிப்பு முடிந்ததும் அதே ஆலையின் அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். முதல்நாள் காலையில், அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே அக்கா சொன்னாள்:

"ஆலையில நான் யாருன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதே. சுத்துமேஜைக்காரி தம்பின்னு தெரிஞ்சா ஆபீஸ்ல ஒரு பய மதிக்க மாட்டான். நானும் உன்ன சார்னுதான் கூப்பிடுவேன்."

"சேச்சே, அதெல்லாம் என்னக்கா" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தாரா என்பதுகூட நினைவில்லை. தலையாட்டியதும், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் நன்றாக நினைவிருக்கிறது. அவள் கேட்காமலிருந்தால், அவரே எப்படியாவது சுற்றி வளைத்து அதைச் சொல்லியிருப்பார். அன்று முதல் இருவரும் கால்மணி நேர இடைவெளி விட்டு வீட்டிலிருந்து கிளம்பினார்கள்.

அப்போது ஆலைக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்திருந்தார். மனிதக் கையும் ஒரு இயந்திரம்தான், அதற்கும் வேகம் குறிக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்தவர். நாற்பது பெண்கள் நிற்கும் சுற்றுக்கூடத்தை அளக்கச் சொல்லி நொடிக்காரரை அனுப்பினார். அனுப்பியதோடு விடாமல் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

வேலை இதுதான்: பெல்ட்டில் வரும் சோப்பை எடுக்க வேண்டும், அட்டைத் துண்டை வைக்க வேண்டும், மெழுகுத்தாளைச் சுற்றி இரு முனையையும் மடிக்க வேண்டும், பசை தடவி மேல்சீட்டை ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். முதல் மேஜையில் பதினேழு நொடி. அடுத்ததில் பதினாறு. அப்புறம் பதினெட்டு, பதினாறு.

"இது என்ன, வேலை பாக்கறாங்களா, சோப்புக்குத் தாலாட்டுப் பாடறாங்களா?" என்றார் மேலாளர். "உனக்கு அளக்கத் தெரியுதா, இல்லையா? தெரியலன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்."

ஐந்தாவது மேஜை அக்காவுடையது. எதிர்ப்பக்கம் நின்றவள் அவளுடைய உயிர்த்தோழி. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் சிரிப்பி என்று பெயர். நொடிக்காரர் வாட்ச்சை அழுத்தினார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோப்பு, அட்டை, தாள், மடிப்பு, மடிப்பு, பசை, சீட்டு. ஒன்பது. தவறாக அழுத்திவிட்டோமோ என்று மறுபடி அழுத்தினார். ஒன்பது. முப்பது சோப்பு அளந்தார். ஒன்றுகூடப் பத்தைத் தாண்டவில்லை. எதிரே சிரிப்பியின் கை நின்றுபோயிருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. அது ஏன் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

"இதுதான்!" என்று மேலாளர் தோளில் தட்டினார். "ஒருத்தியால முடிஞ்சா எல்லாராலயும் முடியும். ஒன்பதுன்னு எழுது."

அப்படி எழுதக் கூடாது என்று நொடிக்காரருக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்தவர். பலரை அளந்து சராசரி எடு. களைப்புக்கும் தண்ணீர் குடிப்பதற்கும் கை ஓய்வதற்கும் அதோடு நேரம் கூட்டு. அதுதான் முறை. "சார், வந்து..." என்று ஆரம்பித்தார். மேலாளர் ஒரு பார்வை பார்த்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் வயது, நிரந்தரமாகாத வேலை. அளவுப் பலகையில் ஒன்பது என்று எழுதினார். மூன்றாம் மாதமே வேலை நிரந்தரமானது.

பலகை மாட்டிய முதல் மாதத்தில், வேகம் போதவில்லை என்று பதினொரு பெண்களை அனுப்பினார்கள். அதில் சிரிப்பியும் ஒருத்தி. மீதிப் பேர் விழுந்தடித்துச் சுற்றினார்கள். மதிய இடைவேளையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட, அக்கா மட்டும் பெட்டிகள் அடுக்கிய மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பதை அவர் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தார். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வீட்டில் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில், நொடிக்கு ஒரு சோப்பு சுற்றும் இயந்திரம் வந்து இறங்கியது. இருந்த பெண்கள் அத்தனை பேரும் வெளியே போனார்கள். அதற்குள் நொடிக்காரர் பதவி உயர்வோடு வேறு ஆலைக்குப் போய்விட்டிருந்தார்.

திறப்பு விழாவன்று கூடம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள். வீட்டுக்குப் பொருள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் வேலை பார்ப்பவர்கள். அக்கா மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். "இவங்க யாரு, உங்க வீட்டம்மாவா?" என்று வரவேற்பாளர் கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு நொடிக்காரர் மேடைக்கு நடந்தார். நாற்பது வருடப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

பேச்சு வழக்கம்போல ஓடியது. சூரியன், நீராவி, சங்கு, நொடி. ஒன்பது நொடிக் கதையில் கைதட்டலும் வந்தது. மூன்றாம் வரிசைப் பக்கம் மட்டும் அவர் கண்ணைத் திருப்பவில்லை.

கேள்வி நேரத்தில் கிடங்குப் பெண் ஒருத்தி எழுந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டில் ஒரு சின்னக் கருவி கட்டியிருந்தாள்.

"சார், எங்களுக்கு இத கட்டி விட்டிருக்காங்க. அலமாரியிலேருந்து ஒரு பொருள எடுக்கப் பன்னெண்டு நொடி. தாண்டினா கீ கீன்னு கத்தும். ஒரு நாளைக்கு இத்தனை தடவைக்கு மேல கத்தினா மறுநாள் வர வேணாம்னு சொல்லிடுவாங்க. இந்தப் பன்னெண்ட யாரு சார் முடிவு பண்ணினது?"

"ஆராய்ச்சி பண்ணித்தாம்மா வெச்சிருப்பாங்க. பல பேரோட வேகத்த அளந்து..."

"உங்க ஒன்பதும் பல பேர அளந்ததுதானா? ஒரே ஒருத்தங்கன்னு இப்பத்தான சொன்னீங்க?"

கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. நொடிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் விடவில்லை.

"அவங்க யாரு சார்? அப்புறம் என்ன ஆனாங்க? அவங்க பேராவது இங்க எழுதி வெச்சிருக்கா?"

"அது... நாப்பது வருஷம் ஆச்சேம்மா. யாரோ ஒரு தொழிலாளி. பேரு ஞாபகம் இல்ல."

சொல்லி முடித்ததும் அவரையும் மீறிக் கண் மூன்றாம் வரிசைக்குப் போனது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அமைப்பாளர் நன்றி சொன்னார், எல்லோரும் தட்டினார்கள். அக்காவும் தட்டினாள், மடங்காத வலக்கையை அசைக்காமல் வைத்து, இடக்கையால்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. பொன்னாடையைத் தோளில் போட்டார்கள். அதை வீடு வந்து சேரும்வரை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது அக்காதான் முதலில் பேசினாள். "பேச்சு நல்லாத்தான் இருந்தது."

"அக்கா, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா..."

"விடு. உன்கிட்ட நானும் ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன். உக்காரு."

உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"நீ அளக்க வந்தியே, அதுக்கு முந்தின நாள், கை கழுவுற எடத்துல நாங்க நாப்பது பேரும் கூடிப் பேசினோம். கடிகாரத்த எடுத்துக்கிட்டு ஆள் வருதாம், நாம ஓடினா நாளைக்குத் தெனமும் அதே ஓட்டம் ஓடச் சொல்லுவான், அதனால ஒருத்தியும் பதினாறுக்குக் கீழ போகக் கூடாதுன்னு. சிரிப்பிதான் ஒவ்வொருத்தி கையையும் பிடிச்சு சத்தியம் வாங்கினா. நானும் கைய நீட்டினேன்."

நாற்பத்திரண்டு வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு: அக்கா கெட்டிக்காரி, மற்றவர்கள் மந்தம்.

"அப்புறம் ஏன்க்கா?"

"நீ வந்து நின்னியேடா. பின்னால அந்த மேனேஜர் உன்ன வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டு இருந்தான். உனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்தா வேர்க்குமே, அதே மாதிரி. இவன் வேலை போயிடுமோன்னு நெனச்சேன். கை தானா ஓடிடுச்சு. நிறுத்தணும்னு பாத்தேன், முடியல."

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? என் தம்பின்னு சொன்னா உனக்குத்தான் ஆபத்து. மேஸ்திரி ஆகணும்னு ஆசப்பட்டுக் காட்டிக் கொடுத்துட்டேன்னு நெனச்சாங்க. நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "இன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன். வேலையும் போச்சு, ஆலையும் போச்சு, அந்த மேனேஜரும் செத்து மண்ணாயிட்டான். இன்னும் யாருக்குப் பயந்துடா என்னை மறைக்கிற?"

அவரிடம் இருந்த பதிலை வாயால் சொல்ல முடியாது. இவள்தான் என் அக்கா என்றால், அடுத்த கேள்வி, அப்போ உங்கள் அக்காவை மட்டும் அளந்துதான் நாற்பது பேர் தலையில் கட்டினீர்களா என்று வரும். இருநூறு வருடத்துப் பேச்சும் அங்கேயே குப்புற விழும். அதுகூடப் பெரிதில்லை. அறுபத்து நான்கு வயதில், பொன்னாடைக்கும் மாலைக்கும் நடுவில் நின்றுகொண்டு, சுற்றுமேஜைக்காரியின் தம்பி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இன்னமும் கூச்சமாக இருந்தது. வேலையில் உயர்வென்ன தாழ்வென்ன, அந்தக் காலமெல்லாம் மலையேறிப்போச்சு என்று மேடைதோறும் முழங்கிய அதே ஆளுக்கு.

இரண்டு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் காலை, அக்கா தேநீர்க் கோப்பையை வைக்கும்போது, "சிரிப்பி இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன? சந்தைக்குப் போற வழியில தையக்கடை இருக்குல்ல, அதான். மருமக நடத்துது. பதினெட்டு வருஷமா அங்கதான் இருக்கா."

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. சந்தைக்கு நேர் வழி இருக்க, அக்கா எப்போதும் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போவாள். முட்டி வலியை வைத்துக்கொண்டு ஏன் இப்படிச் சுத்தறே என்று அவர் எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறார்!

அன்று இருவரும் நேர் வழியில் போனார்கள்.

கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சிரிப்பி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு வற்றிப்போய், பாதிப் பல் போய், ஆளே சுருங்கியிருந்தாள். நிமிர்ந்தவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அக்காவை வெகுநேரம் பார்த்தாள்.

"நீயா?"

நொடிக்காரர் முன்னால் வந்தார். "அம்மா, நான்..."

"தெரியும். நொடிக்காரன். மறக்குற மூஞ்சியா இது?"

வழியெல்லாம் அவர் மனதில் கோத்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. "இவங்க என் அக்கா" என்றார். "கூடப் பொறந்தவ. அன்னைக்கு அப்படிச் செஞ்சது எனக்காக. மேஸ்திரி வேலைக்கு இல்ல. என் வேலை போயிடுமேன்னு. அத ஒன்பதுன்னு எழுதினது நான். எழுதக் கூடாதுன்னு தெரிஞ்சே எழுதினேன்."

சிரிப்பி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஜாடை தெரிந்திருக்க வேண்டும்.

"அடிப்பாவி! தம்பியா? நாப்பது வருஷமா உன்ன நாறடிச்சுத் திட்டிக்கிட்டு இருக்கேனேடி. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றாள் அக்கா, குரல் எழும்பாமல்.

சிரிப்பி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நாப்பது பேரும் சேர்ந்து இவன ஆலையவிட்டே துரத்தியிருப்போம்."

"அதான் சொல்லல."

பிறகு சிரிப்பி நொடிக்காரர் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை; கதை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"என்னை வெளிய அனுப்பினப்போ என் பெரிய பொண்ணு மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தா. நல்லாப் படிப்பா. எனக்கு நாலஞ்சு மாசம் வேலை கெடைக்கல. கெடச்சப்போ ஊருக்கு அந்தக் கோடியில கெடச்சுது. கைக்கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணுமே. அவளப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தினேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட நொடிக்காரர் தாங்கியிருப்பார். அவரைப் படிக்கவைத்த சோப்பு, இந்த வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பைத் தின்றிருக்கிறது. கூனிக் குறுகி, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"மன்னிப்புக் கேக்க நாப்பத்திரெண்டு வருஷம்! நாங்க சோப்புச் சுத்த ஒரு நொடி கூட ஆச்சுன்னா குதிச்சீங்களேய்யா." சிரிப்பி எழுந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அது மடங்காததைக் கவனித்து, மெல்லத் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தோள்பட்டை. உனக்கு இதுவா? வா, உள்ள வா. நீ இங்கயே நில்லு."

கடைசி வார்த்தை அவருக்கு. அவர் வாசலில் நின்றார். உள்ளே முதலில் அழுகை கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. பிறகு வெகுநேரம் தணிந்த குரலில் பேச்சு. நடுவில் ஒருமுறை, பழைய சுற்றுக்கூடத்தில் கேட்டதுபோல, ஒரு பெரிய சிரிப்பு. அது அவருக்கானதல்ல என்று தெரிந்து, எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் அவர் கிடங்குக்குப் போய், கேள்வி கேட்ட பெண்ணை இடைவேளையில் பார்த்தார். "அன்னைக்கு நான் பொய் சொன்னேம்மா. அந்த ஒன்பது நொடி என் அக்காவோடது" என்று நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் வாயில் வைத்த ரொட்டியை மெல்லவும் மறந்து கேட்டாள்.

"அப்ப எங்க பன்னெண்டும் இப்படித்தான் யாரோ பயந்துக்கிட்டு ஓடின ஓட்டமா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. ஆனா கேளு. விடாம கேளு."

"கேட்டா நாளைக்கு வராதேன்னுடுவாங்களே சார்." மணிக்கட்டில் கருவி கத்தியது. "இடைவேள முடிஞ்சுது. வரேன் சார்" என்று ஓடிவிட்டாள். எளிதாகக் கேள் என்று சொல்லிவிட்ட தன் வாயை நினைத்து அவருக்கு மறுபடியும் வெட்கமாயிருந்தது.

அதன்பிறகு வந்த மேடையில் அவர் கதையை உள்ளபடி சொன்னார். கைதட்டல் வரவில்லை. ஒரு முதலாளி பாதியில் எழுந்து போனார். அமைப்பாளர், "சார், அடுத்த தடவ அந்தக் குடும்ப விஷயத்த விட்டுடுங்களேன்" என்றார். விடமாட்டேன் என்றார் இவர். அழைப்புகள் குறைந்தன. பொன்னாடைகளை அக்கா ஜன்னல் திரையாகத் தைத்து வாங்கிவந்தாள், சிரிப்பியின் கடையில்தான்.

ஞாயிறுதோறும் அக்கா அங்கே போய்விடுவாள். கொண்டுபோய் விடுவதும் அழைத்துவருவதும் நொடிக்காரர் வேலை. சிரிப்பி அவரைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். உள்ளே வா என்று இதுவரை சொன்னதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்ப்பக்க மரத்தடியில் நிற்பார்.

ஒரு ஞாயிறு, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி கடையிலிருந்து வெளியே வந்து, தெருவைக் கடந்து நேராக அவரிடம் வந்தாள். சிரிப்பியின் ஜாடை. கையில் ஒரு விண்ணப்பத் தாள்.

"அண்ணா, பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. மருத்துவமனையில கொடுத்தாங்க, இத ரொப்பித் தரணுமாம். அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியல, தம்பி பொண்டாட்டி தையல்ல உக்காந்திருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

அவர் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளை வாங்கினார். மதில்மேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார்; அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கல்வி என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"மூணாவதுன்னு போடுங்க" என்றாள் அவள் சாதாரணமாக. "அதுவும் முழுசா முடிக்கல."

போட்டார். கீழே கையெழுத்து இடத்தைக் காட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, வரைவதுபோலப் போட்டாள். பிறகு தாளை மடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்கண்ணா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

நான்தான் அந்த ஆள் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது அதைத்தான் நொடிக்காரர் அவளிடம் சொன்னார்.

"அடுத்த வாரம் சொல்லிடு" என்றாள் அக்கா. "தள்ளிப் போடாதே."

சரி என்றார். அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னார்.